உங்கள் டின்னில் இருக்கும் சூரை மீனுக்கு என்ன வயது? விடை அதன் காதுக்குள்!

டுனா டின் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். காலாவதித் தேதி இருக்கும். எண்ணெயா, உப்பு நீரா என்று இருக்கும். எந்த நாட்டில் தயாரானது என்று இருக்கும், பெரும்பாலும் தாய்லந்து. புரதம் எவ்வளவு, உப்பு எவ்வளவு, எல்லாம் இருக்கும்.

ஒன்று மட்டும் இருக்காது. உள்ளே இருக்கும் மீனுக்குப் பிடிபட்டபோது என்ன வயது?

"மீனோட வயசு எனக்கு எதுக்கு?" என்று கேட்கத் தோன்றுகிறதா? நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஒரு எண்ணைச் சுற்றித்தான் இந்தியப் பெருங்கடலில் பெரிய சச்சரவே நடந்துகொண்டிருக்கிறது. ஏறக்குறைய 10 ஆண்டுகளாக "அளவுக்கு மீறிப் பிடிக்கப்படுகிறது" என்று சிவப்பில் இருந்த ஒரு மீன், 2024ஆம் ஆண்டின் கடைசியில் திடீரென்று பச்சைக்கு மாறியது. கடலில் ஏதாவது அதிசயம் நடந்ததா? அல்லது நம் கணக்கு மாறியதா?

இதைப் புரிந்துகொள்ள அந்த மீன் எப்படி வளர்கிறது, எப்போது முட்டையிடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். வாங்க, பார்க்கலாம்.

எந்த மீன் இது?

டுனா என்று நாம் சொல்வதுதான் தமிழில் சூரை. பாட்டி வீட்டுச் சமையலறையில் மாசிக் கருவாடு பார்த்திருப்பீர்களே, அதுவும் சூரை வகைதான். சூரையில் பல வகை உண்டு. உலகில் பிடிபடும் சூரையில் பாதிக்கும் மேல் ஸ்கிப்ஜாக் என்ற சின்ன வகை. டின்னில் அடைபடுவதும் பெரும்பாலும் அதுதான்.

நாம் பேசப்போவது அடுத்த இடத்தில் இருக்கும் மஞ்சள் துடுப்புச் சூரை. முதுகிலும் வயிற்றிலும் அரிவாள் மாதிரி வளைந்த மஞ்சள் துடுப்புகள் இருக்கும். சாஷிமித் தட்டில், போக்கே கிண்ணத்தில் இளஞ்சிவப்பாக வருவது பல நேரங்களில் இதுதான். முழுதாக வளர்ந்தால் 2 மீட்டர் நீளம், 200 கிலோ கிராம் எடை வரை போகும். ஓர் ஆளைவிட நீளம், இரண்டு மூன்று ஆள் எடை.

இந்த மீன் பிறந்ததிலிருந்து சாகும்வரை நீந்திக்கொண்டே இருக்கும். நின்றால் மூச்சு முட்டிவிடும்! வாயைத் திறந்துகொண்டு முன்னே போனால்தான் செவுள்வழி தண்ணீர் பாயும், ஆக்சிஜன் கிடைக்கும். போதாததற்கு, சுற்றியுள்ள தண்ணீரைவிடத் தன் தசையைச் சூடாக வைத்துக்கொள்ளவும் செய்கிறது. இதற்கெல்லாம் தீனி வேண்டும், நிறைய வேண்டும்.

ஒரு மில்லிமீட்டரில் தொடங்கும் வாழ்க்கை

முட்டையின் குறுக்களவு சுமார் 1 மில்லிமீட்டர். கடல் மேற்பரப்பில் மிதக்கும். ஏறக்குறைய ஒரே நாளில் பொரித்துவிடும். பனாமாவில் அச்சோத்தினெஸ் என்ற இடத்தில் ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே 1996ஆம் ஆண்டிலிருந்து பெரிய தொட்டிகளில் மஞ்சள் துடுப்புச் சூரையை வளர்த்து, அவை முட்டையிடுவதையும் குஞ்சுகள் வளர்வதையும் கவனித்து வருகிறார்கள். நடுக்கடலில் இரவில் நடக்கும் ஒரு விஷயத்தைக் கிட்டே இருந்து பார்க்க முடிந்த அரிய இடம் அது.

குஞ்சுகளில் பெரும்பாலானவை சில நாள்களிலேயே ஏதாவது ஒன்றுக்கு இரையாகிவிடும். தப்பித்தவை அசுர வேகத்தில் வளரும். சுமார் ஒரு வயதில் 50 சென்டிமீட்டர், எடை 2 முதல் 3 கிலோ. இரண்டு மூன்று வயதில் 1 மீட்டர் நீளம், எடை ஏறக்குறைய 20 கிலோ.

மறுபடி ஒருமுறை அந்த எண்களைப் பாருங்கள். நீளம் இரண்டு மடங்குதான் ஆனது. எடையோ ஏழெட்டு மடங்கு. ஒன்றரை, இரண்டு ஆண்டில்!

இந்த வளர்ச்சி ஒரே சீராக நடப்பதில்லை. இளம் மீன் கொஞ்ச காலம் மந்தமாக வளர்ந்து, பிறகு திடீரென வேகம் பிடிக்கிறது என்பது இந்தியப் பெருங்கடல் ஆய்வுகளில் நீண்ட நாளாகச் சொல்லப்படுவது. படிக்கும் வயதில் ஒரே உயரமாக இருந்துவிட்டு, ஒரே விடுமுறையில் நெடுநெடுவென்று வளர்ந்து வரும் பையன்களைப் போல. அந்த மந்தம் எவ்வளவு நாள், எந்த வயதில் வேகம் பிடிக்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இருந்ததில்லை.

வயதுக்கு வருவது எப்போது?

கேட்கச் சுலபமான கேள்வி. பதில்தான் வழுக்குகிறது.

சூரையை வெளியிலிருந்து பார்த்தால் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. வயிற்றைத் திறந்து, சினைப்பையை எடுத்து, மெல்லிய சீவலாக நறுக்கி, சாயம் ஏற்றி நுண்நோக்கியில் பார்க்க வேண்டும். முட்டைகள் எந்தக் கட்டத்தில் இருக்கின்றன என்று அப்போதுதான் தெரியும்.

மேற்கு இந்தியப் பெருங்கடலில் பிடிபட்ட பெண் மீன்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2013இல் வெளியானது. அது ஒன்றல்ல, இரண்டு எண்களைத் தந்தது. பாதி மீன்களின் சினைப்பையில் முட்டை உருவாகும் முதல் அறிகுறி தெரியும் நீளம், 75 சென்டிமீட்டர். பாதி மீன்களில் முட்டைக்குள் மஞ்சள் கரு நன்றாக நிரம்பி, உண்மையாகவே இனப்பெருக்கம் செய்யும் நிலைக்கு வரும் நீளம், 102 சென்டிமீட்டர்.

அதாவது "வயதுக்கு வந்தாச்சு" என்பதற்கும் "தாயாகத் தயார்" என்பதற்கும் நடுவே 27 சென்டிமீட்டர் இடைவெளி. எதைக் கணக்கில் எடுப்பீர்கள்? 75 என்று எடுத்தால் கடலில் தாய் மீன்கள் ஏராளமாக இருப்பதுபோல் தெரியும். 102 என்று எடுத்தால் அவ்வளவு இல்லை. மீன் ஒன்றுதான், கடல் ஒன்றுதான். எங்கே கோடு போடுகிறோம் என்பதுதான் வேறு.

எனக்கு 102தான் நேர்மையான எண்ணாகப் படுகிறது. முட்டையிடாத மீனைத் தாய் என்று எண்ணி என்ன பயன்?

முட்டையிடத் தொடங்கிவிட்டால் அப்புறம் நிற்பதில்லை. அதே ஆய்வின்படி ஒரு தடவைக்குச் சராசரியாக 3 மில்லியன் முட்டை. கிழக்குப் பசிபிக்கில் நடந்த வேறோர் ஆய்வில், பருவத்தில் இருக்கும் பெண் மீன் கிட்டத்தட்ட நாள்தோறும் முட்டையிடுவது தெரிந்தது. தண்ணீர் சுமார் 24 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மேற்கு இந்தியப் பெருங்கடலில் முக்கியப் பருவம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. நாம் தீபாவளி முடித்து, பொங்கல் கொண்டாடிவிட்டு, சீனப் புத்தாண்டுக்கு யூஷெங் கிளறும் காலம். சீஷெல்ஸ் பக்கம் சூரை மீன்கள் ராத்திரி ராத்திரி முட்டையிட்டுக்கொண்டிருக்கும்.

"இவ்வளவு முட்டை போட்டா மீன் எப்படிக் குறையும்?" என்று தோன்றலாம். ஒரு நிலையான மீன் கூட்டத்தில் ஒரு தாய் வாழ்நாள் முழுக்க இடும் அத்தனை முட்டையிலிருந்தும் சராசரியாக இரண்டே இரண்டு மீன்கள்தான் பெரிதாகி அடுத்த தலைமுறையை உருவாக்கும். அந்த இரண்டு, அப்பா அம்மாவின் இடத்தை நிரப்ப. மற்றதெல்லாம் கடலுக்குத் தீனி. அதனால் முட்டை எண்ணிக்கை பெரிதாக இருப்பது பாதுகாப்பு இல்லை. 1 மீட்டரைத் தாண்டித் தப்பிவந்த அந்தத் தாய்தான் முக்கியம்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. சுமார் 150 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பெரிய மீன்களில் பெரும்பாலானவை ஆண்கள். பெண்கள் எங்கே போனார்கள்? முட்டைக்கே சக்தியெல்லாம் போய்விடுவதால் அவை அந்த நீளத்துக்கு வளர்வதில்லை என்பது ஒரு விளக்கம். சீக்கிரம் இறந்துவிடுகின்றன என்பது மற்றொன்று. இதிலும் வயது தெரிந்தால்தான் தீர்ப்புச் சொல்ல முடியும்.

காதுக்குள் ஒரு நாட்குறிப்பு

அப்போ மீனின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

மீனுக்கு வெளிக்காது கிடையாது. ஆனால் தலைக்குள், மூளைக்குப் பக்கத்தில் உள்காது உண்டு. அதில் சின்னச் சின்னக் கற்கள் இருக்கும். செவிக்கல் என்று சொல்லலாம். நம் விரல் நகத்தின் மேல் வைத்தால் இடம் மிஞ்சும். மீன் சமநிலை தவறாமல் நீந்தவும், சத்தம் கேட்கவும் இவை உதவுகின்றன.

மீன் வளர வளர இந்தக் கல்லின்மேல் அடுக்கடுக்காகச் சுண்ணாம்பு படியும். ஒருமுறை படிந்தது கரையாது, மாறாது. கல்லைப் பிசினில் பதித்து, மெல்லிய தகடாக அறுத்து, நுண்நோக்கியில் வைத்தால் மரத்தை வெட்டினால் தெரிவது போன்ற கோடுகள் தெரியும். இளம் மீனில் நாளுக்கு ஒரு கோடு. வளர்ந்த மீனில் ஆண்டுக்கு ஒரு பட்டை.

இதில்தான் பழைய காலத்துச் சிக்கல். குளிர்நாட்டு மீன்களுக்குக் குளிர்காலம், கோடைக்காலம் என்று பட்டைகள் தெளிவாக விழும். நம் பக்கத்துக் கடலில் எப்போதும் வெயில்தானே? ஆண்டுப் பட்டைகள் மங்கலாக இருந்தன. அதனால் பலர் நாள் கோடுகளையே எண்ணினார்கள். முதல் ஓராண்டுக்கு அது சரியாக வரும். அதற்குப் பிறகு கோடுகள் நெருங்கி, ஒன்றோடு ஒன்று ஒட்டி, எண்ணிக்கை குறைந்துவிடும். எண்ணிக்கை குறைந்தால் மீன் உண்மையைவிட இளமையாகத் தெரியும்.

இதைச் சரிபார்க்க இரண்டு அருமையான வழிகள் வந்தன.

முதல் வழி, அடையாளச் சீட்டு. 2000களில் இந்தியப் பெருங்கடலில் 200,000க்கும் மேற்பட்ட சூரைகளைப் பிடித்து, அளந்து, முதுகில் சீட்டுக் குத்தித் திரும்பக் கடலில் விட்டார்கள். சிலவற்றுக்கு டெட்ராசைக்ளின் வகை மருந்தும் ஊசியில் ஏற்றினார்கள். ஆமாம், மனிதர்களுக்குக் கொடுக்கும் அதே வகை ஆன்டிபயாட்டிக்தான்! அது செவிக்கல்லில் ஒரு கோடாகப் பதிந்துவிடும்; புற ஊதா ஒளியில் பளிச்சென்று மின்னும். அந்த மீன் ஓராண்டு கழித்து மறுபடி சிக்கினால், மின்னும் கோட்டுக்கு வெளியே எத்தனை கோடுகள் என்று எண்ணினால் போதும். நாள் கணக்கு சரியா தப்பா என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது வழி இன்னும் வினோதம். 1950களிலும் 60களிலும் வல்லரசுகள் திறந்தவெளியில் அணுகுண்டு வெடித்துச் சோதித்தன. அதனால் காற்றில் கார்பன் 14 என்ற கதிரியக்கக் கரிமத்தின் அளவு எகிறியது. அது கடலிலும் கலந்து, பிறகு மெல்லக் குறைந்து வருகிறது. எந்த ஆண்டில் எவ்வளவு இருந்தது என்பது பவளப் பாறைகளில் பதிந்திருக்கிறது. மீன் பிறந்த ஆண்டில் கடலில் இருந்த அளவு அதன் செவிக்கல்லின் நடுப்பகுதியில் அப்படியே உறைந்திருக்கும். இரண்டையும் ஒப்பிட்டால் பிறந்த ஆண்டு கிடைத்துவிடும். அணுகுண்டே மீனுக்குப் பிறப்புச் சான்றிதழ் எழுதிக் கொடுத்த மாதிரி.

2020இல் வெளியான அப்படிப்பட்ட ஆய்வில், வடமேற்கு அட்லாண்டிக் பெருங்கடலில் பிடித்த மஞ்சள் துடுப்புச் சூரைகளும் பெருங்கண் சூரைகளும் 16 முதல் 18 ஆண்டு வரை வாழக்கூடியவை என்று உறுதியானது. பல காலமாக மஞ்சள் துடுப்புச் சூரை ஏழெட்டு ஆண்டு வாழும் மீன் என்றுதான் பலர் நினைத்திருந்தார்கள்.

ஒரு கல் எப்படிக் கடலின் கணக்கையே மாற்றும்?

இதற்கு ஒரு நிஜக் கதை இருக்கிறது. பசிபிக் பெருங்கடலின் மேற்கு, நடுப்பகுதி. மீன் வேறு: பெருங்கண் சூரை.

2014ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி அங்கே தாய் மீன்களின் அளவு, மீன்பிடிப்பே இல்லாதிருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவில் 16 விழுக்காடுதான். 20 விழுக்காட்டுக்குக் கீழே போகக்கூடாது என்பது அந்த வட்டாரத்தின் விதி. ஆபத்து மணி அடித்தது. மூன்றே ஆண்டில், 2017இல் வந்த அடுத்த மதிப்பீடு வேறு கதை சொன்னது. நிலைமை பெரும்பாலும் பாதுகாப்பான பக்கத்தில் இருக்கிறது!

நடுவில் என்ன நடந்தது? முக்கியமாக, நூற்றுக்கணக்கான செவிக்கற்களை அறுத்துப் பார்த்துப் புதிய வளர்ச்சிக் கோட்டை வரைந்தார்கள். பழைய கோட்டின்படி பெருங்கண் சூரை சராசரியாக 180 சென்டிமீட்டருக்கும் மேல் வளரும். புதிய கோட்டின்படி அது 150 சென்டிமீட்டரை ஒட்டியே நின்றுவிடும்.

இதை ஒரு பள்ளிக்கூடத்தை வைத்து யோசியுங்கள். மாணவர்கள் எல்லாரும் 6 அடி வளர்வார்கள் என்று நம்பிக்கொண்டு ஒரு பள்ளிக்குப் போகிறீர்கள். 6 அடிக்காரர் யாருமே இல்லை. "ஐயோ, பெரியவங்களை எல்லாம் யாரோ கடத்திட்டாங்க!" என்று பதறுவீர்கள். பிறகுதான் தெரிகிறது, அந்த ஊரில் எல்லாருமே ஐந்தடிதான் வளர்வார்கள் என்று. யாரும் காணாமல் போகவில்லை. உங்கள் எதிர்பார்ப்புதான் தப்பு.

மீன் கணக்கும் அப்படித்தான். கடலில் இறங்கி யாரும் மீனை எண்ண முடியாது. பிடிபடும் மீன்களின் நீளத்தைப் பார்த்து, "இந்த வயதில் இந்த நீளம் இருக்கும்" என்ற கோட்டோடு ஒப்பிட்டு, எத்தனை செத்திருக்கும் என்று ஊகிக்கிறார்கள். கோடு மாறினால் தீர்ப்பும் மாறும்.

சரி, இந்தியப் பெருங்கடலுக்கு வருவோம்

இங்கே சூரையை நிர்வகிப்பது இந்தியப் பெருங்கடல் சூரை மீன் ஆணையம். தலைமையகம் சீஷெல்ஸில். மலேசியா, இந்தோனேசியா, தாய்லந்து, இந்தியா, இலங்கை, மாலத்தீவு, ஐரோப்பிய ஒன்றியம் எல்லாம் உறுப்பினர்கள். சிங்கப்பூர் உறுப்பினர் இல்லை.

2015இல் மஞ்சள் துடுப்புச் சூரை சிவப்புக்குப் போனது. 2016இல் மீட்புத் திட்டம் போட்டார்கள். பெரிய சுருக்குமடிக் கப்பல்கள் 2014ஆம் ஆண்டு பிடித்த அளவில் 15 விழுக்காடு குறைக்க வேண்டும் என்பது அதில் ஓர் அம்சம். ஆனால் விதிவிலக்குப் பெற்ற நாடுகள் கூடுதலாகப் பிடித்தன. மொத்தப் பிடிப்பு குறையவே இல்லை, ஏறியது. 2018, 2021 மதிப்பீடுகளிலும் சிவப்பு நீடித்தது.

பிறகு 2024. தாய் மீன்களின் அளவு தேவையானதைவிடச் சுமார் 30 விழுக்காடு அதிகமாகவே இருக்கிறது என்றது புதிய மதிப்பீடு. ஆண்டுக்கு எவ்வளவு பிடித்தால் மீன் தாக்குப்பிடிக்கும் என்ற உச்ச அளவும் மாறியது. 2021இல் அது 349,000 டன். 2024இல் 421,000 டன்.

யோசித்துப் பாருங்கள். நோயாளி மருந்தே ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஆனால் மூன்று ஆண்டில் காய்ச்சல் போய்விட்டது. ஒன்று, அவர் ரொம்பக் கெட்டிக்கார உடம்புக்காரர். இல்லையென்றால், முன்பு வைத்த தெர்மாமீட்டரில் ஏதோ கோளாறு.

தெர்மாமீட்டரை மாற்றியது உண்மைதான். புதிய செவிக்கல் ஆய்விலிருந்து வந்த வளர்ச்சிக் கோடு அதில் ஒன்று. ஆனால் அது மட்டுமே காரணமல்ல. ஆயிரங்கால் தூண்டில் கப்பல்களின் பதிவேட்டிலிருந்து "இத்தனை தூண்டிலுக்கு இத்தனை மீன்" என்று எடுக்கும் குறியீட்டையும் புதிதாகக் கணக்கிட்டார்கள். அது மேல்நோக்கிப் போனதும் பச்சைக்கு ஒரு காரணம்.

அப்படியானால் நம்பலாமா? நம்பலாம், ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு. பழைய முடிவு பொய் என்று அர்த்தமில்லை. அப்போது கையில் இருந்த தகவலுக்கு அது சரி. புதிய தகவல் கூடுதல் தரமானது. அதேநேரம் இந்தக் கடலில் பெரும் பங்கு மீன் சிறு படகுகளில் பிடிபடுகிறது. அதில் எவ்வளவு ஒழுங்காகப் பதிவாகிறது என்பது எப்போதுமே பிரச்சினை. இன்னொன்றையும் மறக்கக்கூடாது. மீன் 18 ஆண்டு வாழும் என்றால் இயற்கையாக இறப்பது குறைவு என்று பொருள். அப்படிப்பட்ட மீன் மெதுவாகத்தான் ஈடுகட்டும். செவிக்கல் ஒரு பக்கம் நல்ல செய்தி சொன்னால், மறுபக்கம் "அவசரப்படாதே" என்றும் சொல்கிறது.

இந்த வண்ண மாற்றத்தில் மாறாத ஒன்று உண்டு. இவ்வளவு எழுதியதே அதற்காகத்தான்.

மிதவையின் நிழலில் இருக்கும் குட்டிகள்

கிழக்குக்கரை மலேசிய மீனவர்கள் தென்னை ஓலையைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்குவார்கள். உன்ஜாம் என்று பெயர். நிழலுக்கு மீன் கூடும், போய்ப் பிடித்துக்கொள்ளலாம். தலைமுறை தலைமுறையாக நடப்பது.

பெரிய கப்பல்கள் செய்வதும் அதேதான், அளவு மட்டும் வேறு. மூங்கில் அல்லது பிளாஸ்டிக் சட்டத்தில் மிதவை செய்து, செயற்கைக்கோளோடு பேசும் கருவியும், அடியில் எவ்வளவு மீன் இருக்கிறது என்று காட்டும் ஒலிமானியும் மாட்டி நடுக்கடலில் மிதக்கவிடுகிறார்கள். கப்பலில் உட்கார்ந்தபடியே எந்த மிதவையில் மீன் சேர்ந்திருக்கிறது என்று பார்க்கலாம். போய்ச் சுருக்குமடி வலையைச் சுற்றி இறக்கினால் மொத்தக் கூட்டமும் உள்ளே.

அவர்கள் தேடுவது ஸ்கிப்ஜாக். அது சின்ன மீன், சீக்கிரம் வளரும். 40 சென்டிமீட்டரிலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். மிதவையில் பிடித்தாலும் பெரும்பாலானவை ஒருமுறையாவது முட்டையிட்டிருக்கும்.

சிக்கல் என்னவென்றால், சூரைகள் இனம் பார்த்துக் கூடுவதில்லை, உருவம் பார்த்துக் கூடுகின்றன. 50 சென்டிமீட்டர் ஸ்கிப்ஜாக்கோடு சேர்ந்து நீந்துவது 50 சென்டிமீட்டர் மஞ்சள் துடுப்புச் சூரை. ஒன்று வளர்ந்த மீன். மற்றொன்று குழந்தை. 102 சென்டிமீட்டரை எட்ட அதற்கு இன்னும் பாதித் தூரம் இருக்கிறது. வலைக்கு இந்த வித்தியாசம் தெரியாது. டின்னுக்கும் தெரியாது.

இதைத் தடுக்க என்ன செய்தார்கள்? 2023 பிப்ரவரியில் மொம்பாசாவில் கூடிய ஆணையம், ஆண்டுக்கு 72 நாள் மிதவை மீன்பிடிப்புக்குத் தடை என்று வாக்களித்துத் தீர்மானம் போட்டது. ஐரோப்பிய ஒன்றியம், சீஷெல்ஸ் உள்ளிட்ட பல உறுப்பினர்கள் ஆட்சேபித்தனர். தீர்மானம் அப்படியே படுத்துவிட்டது. 2024இல் பேங்காக்கில் ஒரு சமரசம் வந்தது. ஒரு கப்பலுக்கு 300 மிதவை என்றிருந்த வரம்பு 2026இல் 250, 2028இல் 225 என்று குறையும். தடை இல்லை, எண்ணிக்கைக் குறைப்பு மட்டும்.

ஆட்சேபித்தவர்களை எல்லாம் பேராசைக்காரர்கள் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. சீஷெல்ஸ் தலைநகர் விக்டோரியாவில் உள்ள சூரைப் பதப்படுத்தும் ஆலை அந்த நாட்டின் பெரிய முதலாளிகளில் ஒன்று. மிதவை இல்லாவிட்டால் ஸ்கிப்ஜாக்கும் குறையும், ஆலைக்கு மீன் குறையும். அதோடு, குட்டிகளில் ஒரு பகுதி எப்படியும் இயற்கையாகவே இறக்கும். விட்டுவிட்ட அத்தனையும் 20 கிலோ மீனாகத் திரும்பி வராது. ஆனால் மாலத்தீவு மீனவரின் பக்கம் நின்று பாருங்கள். அவர் கைத்தூண்டிலில் பெரிய மஞ்சள் துடுப்புச் சூரையை ஒவ்வொன்றாகப் பிடிக்கிறார். அவருக்கு வரவேண்டிய மீன் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, ஒரு வயதில், வேறொருவர் வலையில் சிக்கிவிடுகிறது. அவர் கோபமும் நியாயம்தானே?

பச்சை நிறம் வந்ததால் இந்தச் சண்டை முடியவில்லை. சொல்லப்போனால், 421,000 டன்னை யார் யாருக்கு எவ்வளவு, எந்த வயது மீனாக, என்று பிரிப்பதில் இன்னும் சூடுபிடிக்கும். ஒரே எடையுள்ள மீனைக் குட்டிகளாகப் பிடிப்பதும் பெரியதாகப் பிடிப்பதும் கடலுக்கு ஒன்றல்ல. பெருமளவு குட்டிகளாகப் பிடித்தால் அந்த உச்ச அளவே இறங்கிவிடும்.

நம் தட்டுக்கு வரும்போது

நாசி டகாங்கில் வரும் தொங்கோல் இந்த மீன் அல்ல. அது கரையோரம் வாழும் சின்னச் சூரை வகைகள். அவற்றின் வயது, வளர்ச்சி பற்றி இருக்கும் தகவல் மஞ்சள் துடுப்புச் சூரை பற்றி இருப்பதில் ஒரு துளிதான். உலகச் சந்தையில் விலைபோகும் மீனுக்குத்தான் ஆய்வுப் பணமும் போகிறது. நம் வட்டாரத்தில் யாராவது கடல் உயிரியல் படித்துக்கொண்டிருந்தால், செவிக்கல் அறுக்க ஆள் தேவைப்படுவது இங்கேதான்.

பேரங்காடியில் டின் வாங்கும்போது சின்ன எழுத்தைப் படிக்கலாம். சில டின்களில் மீனின் அறிவியல் பெயர் போட்டிருப்பார்கள். காட்சுவோனஸ் பெலாமிஸ் என்றால் ஸ்கிப்ஜாக். தன்னஸ் அல்பகாரெஸ் என்றால் மஞ்சள் துடுப்புச் சூரை. பிடித்த விதமும் சிலவற்றில் இருக்கும். கம்பும் தூண்டிலும் என்றோ, கைத்தூண்டில் என்றோ, மிதவை இல்லாமல் பிடித்தது என்றோ. அதில் கைத்தூண்டில் மஞ்சள் துடுப்புச் சூரை பெரும்பாலும் வளர்ந்த மீன். ஒன்றுமே போடாமல் வெறுமனே "டுனா" என்றிருந்தால், யாருடைய குழந்தை அது என்று நீங்கள் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.